மூன்று நாடுகளின் குடிமகன்

அமெரிக்கா பிறந்த வரலாற்றைப் படிப்பவர்களுக்கு ஜார்ஜ் வாஷிங்டன், தாமஸ் ஜெஃபர்சன், பெஞ்சமின் பிராங்கிளின் ஆகியோரின் பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். இவர்களின் உருவங்கள் அந்நாட்டுப் பணத்தாள்களை இன்றும் அலங்கரிக்கின்றன. ஆனால், மன்னருக்கு அடங்கிய பிரஜைகளாக வாழ்ந்த மக்களைக் குடிமக்களாக எண்ண வைத்த ஓர் எழுத்தாளரின் உருவம் எந்தப் பணத்தாளிலும் இல்லை. அவர்தாம் தாமஸ் பெய்ன்.

இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் குடியுரிமை என்பது தேர்வுக்காக மனனம் செய்த நிபந்தனைகளின் பட்டியலாகவே எனக்கு அறிமுகமானது. பல்கலைக்கழகத்தில் பெய்னின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு விலை உண்டு என்பது புரிந்தது. அதையே இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தாமஸ் பெய்ன் 1737-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தெட்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை பெண்கள் அணியும் இறுக்குக் கச்சை தைக்கும் தொழிலாளி. ஏறத்தாழ 13 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு மகனும் அத்தொழிலுக்கே வந்தார். முதல் மனைவி திருமணமான மறு ஆண்டே இறந்து போனார். பின்னர் கலால் வரி அலுவலராகப் பணியாற்றியபோது, சக ஊழியர்களின் சம்பள உயர்வுக்காக 1772-இல் ஒரு விண்ணப்பம் எழுதினார். அதனால் பயனேதும் விளையவில்லை. 1774-இல் வேலையும் போனது. இரண்டாவது திருமண வாழ்க்கையும் முறிந்தது. 37 வயதில் கையில் மிஞ்சியது, இலண்டனில் சந்தித்த பிராங்கிளின் கொடுத்த அறிமுகக் கடிதம் மட்டுமே. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் பிலடெல்பியா துறைமுகம் சேர்ந்தபோது கடும் காய்ச்சலால் நடக்கவும் முடியாத நிலையில் அவரைக் கப்பலிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள்.

அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் படைக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் போர் மூண்டது. எனினும் பெரும்பாலோர் மன்னர் மூன்றாம் ஜார்ஜை நல்லவர் என்றும், தவறு அமைச்சர்களுடையது என்றும் நம்பினர். அந்த நம்பிக்கையை உடைத்தது, 1776 ஜனவரி 10-ஆம் நாள் பெயர் குறிப்பிடாமல் பெய்ன் வெளியிட்ட 'காமன் சென்ஸ்' என்ற சிறு நூல். நல்ல மன்னரின் மகனும் நல்லவராக இருப்பார் என்பதற்கு என்ன உறுதி என்று அதில் அவர் கேட்டார். ஒரு பெருங்கண்டத்தை ஒரு சிறு தீவு ஆள்வதில் நியாயம் என்ன என்றும் கேட்டார். மக்களின் பிரதிநிதிகள் கூடித் தங்களுக்கான சாசனத்தை எழுத வேண்டும். மன்னர் இருக்கும் இடத்தில் சட்டம் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். படித்தவர்களுக்கு மட்டும் புரியும் நடையை அவர் கையாளவில்லை. விடுதிகளில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். ஆறு மாதங்களுக்குள் விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது. அந்நூலில் தமக்குரிய வருவாயைப் போர்வீரர்களுக்குக் கையுறை வாங்க ஒதுக்கினார் பெய்ன்.

போரில் தோல்வி மேல் தோல்வி கண்டு வாஷிங்டனின் படை சோர்ந்திருந்த 1776 டிசம்பரில், பெய்ன் மற்றொரு கட்டுரைத் தொடரைத் தொடங்கினார். அதன் முதல் பகுதி வீரர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சில நாள்களில் அவர்கள் டெலவேர் ஆற்றைக் கடந்து டிரெண்டனில் வெற்றி பெற்றனர். 1779-இல் பென்சில்வேனியா சட்டமன்றத்தின் எழுத்தராகவும் பெய்ன் பணியாற்றினார். அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் 1780-ஆம் ஆண்டுச் சட்டம் அம்மன்றத்தில்தான் நிறைவேறியது.

1787-இல் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் பிலடெல்பியாவில் எழுதப்பட்டபோது பெய்ன் அங்கு இல்லை. தாம் வடிவமைத்த இரும்புப் பாலத்திற்கு ஆதரவு தேடி ஐரோப்பா சென்றிருந்தார். அங்கு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. புரட்சிக்கு ஆதரவாக 1791, 1792-ஆம் ஆண்டுகளில் 'மனிதனின் உரிமைகள்' நூலை இரு பகுதிகளாக எழுதினார். அரசு அரசியலமைப்பை உருவாக்குவதில்லை, மக்களே அரசியலமைப்பை உருவாக்கி அதன்வழி அரசை அமைக்கிறார்கள் என்பது அந்நூலின் மையக் கருத்து. முதியோருக்கு உதவித்தொகை, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு அரசுப் பணம் என்றெல்லாம் அன்றே கணக்குப் போட்டுக் காட்டினார்.

இங்கிலாந்து அவரைத் தேசத்துரோகியாகக் கருதி, அவர் இல்லாமலே வழக்கு நடத்திக் குற்றவாளியாக்கியது. பிரான்ஸ் அவருக்குக் குடியுரிமை வழங்கித் தன் தேசியப் பேரவைக்குத் தேர்ந்தெடுத்தது. ஆனால், பதவியிழந்த மன்னரைக் கொல்ல வேண்டாம், நாடு கடத்தினால் போதும் என்று பெய்ன் வாதிட்டது புரட்சிக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 1793 டிசம்பரில் அந்நியர் என்று கூறி அவரைச் சிறையில் அடைத்தனர். அப்போதைய அமெரிக்கத் தூதர் கவர்னர் மோரிஸ் அவரைத் தம் நாட்டுக் குடிமகனாக உரிமை கோரி மீட்க முனையவில்லை. மூன்று நாடுகளுக்காக எழுதியவரை எந்த நாடும் தன்னவர் என்று சொல்லாத காலம் அது! புதிய தூதர் ஜேம்ஸ் மன்ரோ அவர் அமெரிக்கக் குடிமகனே என்று வலியுறுத்திய பிறகுதான் 1794 நவம்பரில் விடுதலை கிடைத்தது.

நிறுவனச் சமயங்களைக் கடுமையாக விமர்சித்து எழுதிய நூலும், வாஷிங்டனைச் சாடி வெளியிட்ட கடிதமும் அவருடைய பழைய நண்பர்கள் பலரை விலக்கின. 1802-இல் அமெரிக்கா திரும்பியவரை வரவேற்றவர்கள் சிலரே. 1806-இல் நியூ ரோஷல் ஊரில் வாக்களிக்கச் சென்றபோது, அவர் அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்று கூறித் தேர்தல் அலுவலர்கள் திருப்பி அனுப்பினர். பாரிசில் மோரிஸ் அவரை உரிமை கோரவில்லை என்பதே அவர்கள் காட்டிய காரணம். பெய்ன் தொடுத்த வழக்கும் கைகொடுக்கவில்லை. அவர் குடியிருந்த பண்ணை, விடுதலைப் போருக்கு ஆற்றிய தொண்டுக்காக நியூயார்க் மாநிலமே கொடுத்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 2022 பொதுத் தேர்தலில் அடையாள அட்டையை நீட்டிய சில நிமிடங்களில் வாக்குச்சீட்டைப் பெற்றவள் நான். அதை எளிய காரியமாக எண்ண இனி என்னால் இயலாது.

இது எப்படி நடந்தது? 1787-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் குடிமகன் என்ற சொல் பல இடங்களில் உண்டு. யார் குடிமகன் என்ற விளக்கம் இல்லை. 1790-இல் வந்த சட்டமோ, சுதந்திர வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. பெய்னுக்கு இது ஒரு நாள் அவமானம். கறுப்பின மக்களுக்கோ தலைமுறைத் துயரம். அவர்கள் குடிமக்களாக முடியாது என்று 1857-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868-இல் 14-ஆவது திருத்தம்தான் அந்நாட்டில் பிறந்தோரும் முறைப்படி குடியுரிமை பெற்றோரும் குடிமக்கள் என்று எழுத்தில் உறுதி செய்தது.

1809 ஜூன் 8-ஆம் நாள் பெய்ன் நியூயார்க்கில் காலமானார். இறுதிச் சடங்கிற்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்தாண்டுகளுக்குப் பின் வில்லியம் கோபெட் என்பவர் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். நினைவகம் எழுப்பும் எண்ணம் கைகூடாமல், அவை பின்னர் தொலைந்தே போயின.

நண்பர்களே, ஒருவர் நாட்டுக்கு எவ்வளவு தொண்டு செய்திருந்தாலும், அவருடைய உரிமை சட்டத்தில் தெளிவாக எழுதப்படாவிட்டால் அது மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அலுவலரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும். சட்டமே மன்னர் என்று எழுதியவருக்கே இந்த நிலை நேர்ந்தது. ஆகவே, அரசியலமைப்பைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று கேட்டுப் படிப்போம்.