மேரி சீகோல்: வேண்டாம் என்று அரசு திருப்பி அனுப்பியும் சொந்தக் காசில் போர்க்களம் போன செவிலியர்! யார் இவர்?

செவிலியர் என்றதுமே பள்ளிப் பாடத்தில் படித்த 'கைவிளக்கேந்திய காரிகை' ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்தான் பலருக்கும் ஞாபகத்துக்கு வருவார். அவர் பிறந்த மே 12-ம் தேதிதான் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால், அதே கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் 'அம்மா' என்றே கூப்பிட்ட இன்னொரு பெண்ணும் இருந்தார். அவர் பெயர் மேரி சீகோல். அவரது பெயர் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மறக்கப்பட்டுப் போனது எப்படி?

பொம்மைக்கு வைத்தியம் பார்த்த சிறுமி

1805-ம் ஆண்டு ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர் மேரி. அப்பா ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராணுவ வீரர். அம்மா கலப்பினப் பெண். ஜமைக்காவில் அடிமை முறை இருந்த காலம் அது என்றாலும், மேரியின் குடும்பம் அடிமைகளாக இல்லை.

அம்மா ஒரு தங்கும் விடுதி நடத்தினார். கூடவே நாட்டு வைத்தியமும் பார்த்தார். காய்ச்சலில் விழும் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரைத் தேடித்தான் வருவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த மேரி, முதலில் பொம்மைக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார். அப்புறம் நாய், பூனை. அதுவும் போதாமல் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். மருத்துவக் கல்லூரி வாசல் பெண்களுக்குத் திறக்காத காலத்தில், அம்மாவின் சமையலறைதான் அவருக்குக் கல்லூரி.

நோயாளிக் கணவர், எரிந்துபோன வீடு

1836-ல் எட்வின் சீகோல் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். எட்வினுக்கு உடல்நிலை எப்போதுமே சரியில்லை. இருவரும் சேர்ந்து தொடங்கிய கடையும் ஓடவில்லை. மனைவியாக இருந்த காலம் முழுக்க, கணவருக்கு நர்ஸாகவும் அவரே இருந்தார்.

1843-ல் கிங்ஸ்டனில் ஏற்பட்ட பெரும் தீ விபத்தில் விடுதி எரிந்து சாம்பலானது. அடுத்த ஆண்டே கணவர் இறந்தார். கொஞ்ச நாளில் அம்மாவும் போய்விட்டார். குழந்தைகளும் இல்லை. அசைவில்லாமல் பல நாட்கள் உட்கார்ந்திருந்த மேரி, பிறகு எழுந்து விடுதியைத் திரும்பக் கட்டினார். மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

காலராவோடு நேருக்கு நேர்

1850-ல் ஜமைக்காவை காலரா தாக்கியது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, பனாமாவில் விடுதி நடத்திவந்த சகோதரரைப் பார்க்கப் போனார் மேரி. அங்கேயும் காலரா வந்தது. மருத்துவ வசதி எதுவும் பெரிதாக இல்லாத ஊரில் அவர்தான் வைத்தியர். பணக்காரர்களிடம் கட்டணம் வாங்கினார், ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தார். அவரையும் காலரா பிடித்தது, பிழைத்துக்கொண்டார்.

அவர் பராமரித்த ஒரு கைக்குழந்தை இறந்தபோது, நோய் உடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ரகசியமாகப் பிரேதப் பரிசோதனையும் செய்தார். அன்றைய மருத்துவர்களைப் போலவே ஈயமும் பாதரசமும் கலந்த மருந்துகளையும் பயன்படுத்தினார். இன்று அவை விஷம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்தில் தான் செய்த தவறுகளை நினைத்தால் நடுக்கம் வருவதாக அவரே தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

லண்டனில் மூடிய கதவுகள்

1854-ல் ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. குண்டுகளைவிட காலராவும் வயிற்றுப்போக்கும்தான் அதிக வீரர்களைக் கொன்றன. அந்த நோய்களோடு பல ஆண்டுகள் போராடிய மேரி, நேராக லண்டனுக்கே போனார். நைட்டிங்கேல் 38 செவிலியர்களுடன் ஏற்கெனவே புறப்பட்டிருந்தார். அடுத்த குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார் மேரி.

போர் அலுவலகம், ராணுவ மருத்துவத் துறை, செவிலியர்களைத் தேர்வு செய்தவர்கள் என எல்லாக் கதவுகளையும் தட்டினார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: இடமில்லை. தன் தோலின் நிறம்தான் காரணமோ என்ற சந்தேகத்தில், லண்டன் தெருவில் நின்று அழுததாகப் பின்னாளில் எழுதினார்.

சரி, ஊருக்குத் திரும்பினாரா? இல்லை. கணவரின் உறவினர் தாமஸ் டே என்பவரோடு கூட்டு சேர்ந்து, சொந்தப் பணத்தில் கப்பல் ஏறினார்.

மரத்துண்டும் தகரமும் சேர்த்து ஒரு விடுதி

நைட்டிங்கேலின் மருத்துவமனை இருந்தது ஸ்கூட்டாரியில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில். போர்முனையிலிருந்து கருங்கடலைத் தாண்டிப் போக வேண்டும். மேரியோ போர்முனைக்குப் பக்கத்திலேயே, பாலக்லாவா துறைமுகத்துக்கு அருகில் இடம் பிடித்தார். கடலில் மிதந்து வந்த மரம், பழைய பெட்டிகள், இரும்புத் தகடுகளை வைத்து 1855-ல் 'பிரிட்டிஷ் ஹோட்டல்' எழும்பியது.

அதிகாரிகளுக்குச் சாப்பாடும் மதுவும் விற்றார். அந்த வருமானத்தில், காசில்லாத சிப்பாய்களுக்கு மருந்தும் சூப்பும் கொடுத்தார். சண்டை நடக்கும் நாட்களில் கோவேறு கழுதையில் மருந்து, கட்டுத் துணி, ரொட்டி ஏற்றிக்கொண்டு களத்துக்கே போய்விடுவார். எதிரிகளான ரஷ்ய வீரர்களுக்கும் கட்டுப் போட்டார். ஒருமுறை குண்டுவீச்சின்போது கீழே விழுந்ததில் கட்டைவிரல் மூட்டு விலகியது. கடைசிவரை அது சரியாகவில்லை.

போர் முடிந்தது, கடன் வந்தது

1856-ல் திடீரென சமாதானம் ஏற்பட்டது. வாங்கிக் குவித்த சரக்கை வாங்க ஆளில்லை. லண்டன் திரும்பிய மேரி திவாலானார்.

அப்போது உதவிக்கு வந்தவர்கள், அவர் கையால் மருந்து வாங்கிக் குடித்த அதே வீரர்கள்தான். 1857-ல் அவருக்காக லண்டனில் நான்கு நாட்கள் நிதி திரட்டும் விழா நடந்தது. பல்லாயிரம் பேர் கூடினார்கள். ஆனால் விழா நடந்த பூங்காவின் நிறுவனமே திவாலானதால், அவர் கைக்கு வந்தது வெறும் 57 பவுண்டுகள். அதே ஆண்டு அவரது சுயசரிதை வெளியாகி நன்றாக விற்றது. இந்தியாவில் 1857 கிளர்ச்சி வெடித்தபோது இங்கேயும் வர ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை.

1881 மே 14-ல் லண்டனில் காலமானார். அவரை அறிந்த வீரர்களும் ஒவ்வொருவராக மறைய, அந்தப் பெயரும் மெல்ல மறைந்தது.

செவிலியரா, வியாபாரியா?

1973-ல் அவரது கல்லறை புதுப்பிக்கப்பட்டது. 2004-ல் மிகச் சிறந்த கறுப்பின பிரிட்டனாக மக்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சர்ச்சையும் கூடவே வந்தது. அவர் விடுதி நடத்திய வியாபாரிதான், முறையாகப் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை என்கிறார்கள் ஒரு தரப்பினர். நைட்டிங்கேலும் ஒரு தனிப்பட்ட கடிதத்தில், மேரியின் விடுதியில் மது விற்கப்பட்டதைக் குறை சொல்லியிருந்தார். வியாபாரம் செய்தது உண்மைதான். ஆனால் சம்பளம் தர அரசு தயாராக இல்லாதபோது, மருந்து வாங்க அவருக்கு வேறு வழி என்ன இருந்தது?

2016-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. நைட்டிங்கேல் தன் செவிலியர் பள்ளியைத் தொடங்கிய அதே மருத்துவமனை! தேம்ஸ் நதிக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம். வேலை தர மறுத்த அரசைப் பார்த்து, நடந்து போகும் கோலத்தில் நிற்கிறார் மேரி சீகோல்.