கண்டி நகரில் ஒரு குருவானவர்

புனித ஜோசப் வாஸ் அடிகளாரை இலங்கையின் அப்போஸ்தலர் என்று நாம் அறிவோம். கோவாவைச் சேர்ந்த பெனோலிமில் 1651-ஆம் ஆண்டு பிறந்தவர். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் அங்கே கால் வைக்கவே தடை. எனவே 1687-இல் தூத்துக்குடியிலிருந்து ஏழைக் கூலியாளைப் போலக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு கிடந்தபோது, இரக்கமுள்ளோர் தந்த கஞ்சியே அவரைக் காத்தது. 1692-இல் கண்டிக்குச் சென்றார். ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையிலிட்டார்கள்.

அதே கண்டியில் 1697-இல் பெரியம்மை பரவிற்று. (1980-இல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்நோயை நம் மாணவியர் கண்டதில்லை, பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள்.) அரசன் நகரை விட்டு அகன்றான். அம்மை கண்டவர்களைச் சொந்த உறவினரே காட்டில் விட்டு ஓடினர். அடிகளாரோ, உறவினரான கார்வாலோ குருவானவருடன் அங்கேயே தங்கினார். மதம் பாராமல் புண்களைக் கழுவினார், கஞ்சி ஊட்டினார். யாழ்ப்பாணத்துக் கஞ்சியை அவர் மறக்கவில்லை போலும் என எண்ணுகிறோம். இறந்தவர்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். அவர் இல்லையேல் வீதியெங்கும் பிணங்களே கிடந்திருக்கும் எனப் பௌத்த அரசனே ஒப்புக்கொண்டானாம்.

1711 ஜனவரி 16-இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவரது கல்லறை இருக்குமிடம் மட்டும் இன்றும் தெரியவில்லை.