வானத்தில் மிதந்த உதடுகள்

பாரீஸ் நகரில் ஒரு கலைஞர் இருந்தார். தினமும் காலையில் எழுந்ததும் கட்டில் மேல் ஏறி நிற்பார். சுவரில் மாட்டியிருந்த 8 அடி நீள ஓவியத் துணியில் வண்ணம் தீட்டுவார். அதில் அவர் தீட்டியது இரண்டு உதடுகள்!

தீட்டி முடிக்க ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின.

அவர் பெயர் மான் ரே.

தையல்காரர் மகன்

1890-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தை தையல்காரர். ரஷியாவில் இருந்து பிழைப்பு தேடி வந்தவர். பெற்றோர் வைத்த பெயர் இம்மானுவேல் ராட்னிட்ஸ்கி. பிறகு குடும்பமே ரே என்று பெயரை மாற்றிக் கொண்டது. ஆங்கிலத்தில் ரே என்றால் ஒளிக்கதிர். பெயருக்கு ஏற்றாற்போல், ஒளியே அவருக்குத் தூரிகை ஆயிற்று.

தவறில் பிறந்த கலை

1921-ல் பாரீஸ் சென்றார். போட்டோ எடுத்துப் பிழைத்தார்.

ஒரு நாள் இருட்டறையில், படம் பதியாத காகிதம் ஒன்று தவறுதலாக மருந்துத் தட்டில் சேர்ந்து விட்டது. கைக்குக் கிடைத்த சாமான்களை அதன் மேல் வைத்து, விளக்கைப் போட்டார். என்ன விந்தை! வெளிச்சம் பட்ட இடம் கறுத்தது. சாமான் மறைத்த இடம் வெண்மையாக நின்றது. காமிரா இல்லாமலே படம்!

இதே முறையில் 1922-ல், இரு முகங்கள் முத்தமிடும் படத்தை உருவாக்கினார். யார் முகம் என்று அடையாளம் தெரியாது. ஆனால் முத்தம் தெரியும்.

பிரிவு

1929-ல் லீ மில்லர் என்ற அமெரிக்கப் பெண் அவரிடம் தொழில் கற்க வந்தார். மாணவி காதலி ஆனார். 1932-ல் அவரைப் பிரிந்து நியூயார்க் சென்று விட்டார். மான் ரே துடித்துப் போனார்.

அந்த வேதனையில் உருவானதே அந்த ஓவியம். பாரீஸ் வான ஆராய்ச்சி நிலையத்துக்கு மேலே, மேகங்களுக்கு நடுவே, லீயின் சிவந்த உதடுகள் மிதக்கின்றன. ஓவியத்தின் பெயரில் காதலர்கள் என்ற சொல்லையும் சேர்த்தார்.

உதடுகளுக்கு ஏன் அந்தப் பெயர்? மேலுதடும் கீழுதடும், ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் இருவர் போலத் தோன்றுகின்றன. கீழே இருப்பதோ, எட்டாத நட்சத்திரங்களை நோக்கும் இடம். எட்டாமல் போன காதலையும் அவர் வானத்திலேயே வைத்து விட்டார்!

மீண்டும் நட்பு

1937-ல் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். மனக்கசப்பு மறைந்தது. சாகும் வரை நண்பர்களாக இருந்தார்கள்.

1976 நவம்பர் 18-ந் தேதி, 86-வது வயதில் மான் ரே பாரீசில் காலமானார். அடுத்த ஆண்டு ஜூலையில் லீ மில்லரும் மறைந்தார்.

வாழ்க்கையில் பிரிந்த அந்த இருவரும், அந்த ஓவியத்தில் பிரியவே இல்லை.