அடிமை வரலாற்றை எங்கிருந்து எழுதுவது? நீலகிரியின் அயோத்திதாசர்

அடிமை முறை குறித்து நம் கல்லூரிகளில் எழுதப்படும் வரலாற்றியல் கட்டுரைகள் பெரும்பாலும் அட்லாண்டிக் கடலில்தான் தொடங்குகின்றன. எரிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியிட்ட ஆய்வு, கரும்புத் தோட்டங்கள், லிவர்பூல் கப்பல்கள் என்று அவை நகர்கின்றன. செங்கல்பட்டும் தஞ்சாவூரும் மலபாரும் அவற்றில் இடம்பெறுவது அரிது. இடம்பெற்றாலும் பண்ணையாள் முறை என்ற மென்மையான பெயரோடு அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடுகின்றன. அத்தகைய கட்டுரையை எழுத அமரும் மாணவத் தோழர்களுக்கு அயோத்திதாசப் பண்டிதரின் வாழ்க்கையை நாம் நினைவூட்ட விரும்புகிறோம்.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைப் பாட்டனார் அத்துரையின் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசரே பதிவு செய்திருக்கிறார். இந்த எல்லிஸ்தான் மிராசு உரிமை குறித்துக் கும்பினி அரசுக்கு விரிவான விளக்கம் எழுதியவர். நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளைப் பற்றியும் அதில் பேசியவர். ஓர் அதிகாரியின் மேசையில் ஒரே சமூகம் இரு வடிவங்களில் வந்து சேர்ந்திருக்கிறது: ஒன்றில் சுவடியைக் காத்த குடும்பமாக, மற்றொன்றில் மிராசுதாரரின் உடைமையாக. ஆய்வாளர்கள் நெடுங்காலம் இரண்டாவது கோப்பை மட்டுமே புரட்டினார்கள்.

சட்டத்தையும் சற்றே கவனிப்போம். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிப்பகுதிகளைத் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. இங்கே 1843இல் வந்த ஐந்தாம் சட்டமோ, அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரா என்று மட்டும் கூறியது. அடிமையை வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. விடுதலை பெற்றவருக்கு ஒரு குழி நிலமும் தரவில்லை. அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாக 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்குள் முன்பணமும் கடனும் விலங்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைத் தண்டிக்க 1859இல் ஒரு சட்டம், தோட்ட முதலாளிகளுக்கென்றே சென்னை மாகாணத்தில் 1903இல் இன்னொரு சட்டம். காப்பியும் பின்னர் தேயிலையும் படர்ந்த நீலகிரி மலைச்சரிவுகளுக்குச் சமவெளியிலிருந்து ஆட்கள் மேஸ்திரிகளின் முன்பணத்தால்தான் கொண்டுவரப்பட்டார்கள்.

இந்த மலையில்தான் அயோத்திதாசரின் பொதுவாழ்வு தொடங்கியது. 1870களில் இங்கே அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891 டிசம்பர் 1 அன்று உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். சாதிப் பெயரால் இழிவுபடுத்துவதைத் தண்டிக்கச் சட்டம், கல்வி, அரசு வேலை, பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் நீரெடுக்கும் உரிமை ஆகியவற்றை அம்மாநாட்டின் தீர்மானங்கள் கோரின. சிறைக்குள் தாழ்த்தப்பட்ட கைதிகளுக்கு மட்டும் இழிவேலை ஒதுக்கிய விதியை நீக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. வழக்கறிஞர்களாகிய நமக்கு இன்றும் வியப்பளிக்கும் நுட்பம் இது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், தாழ்த்தப்பட்டோரின் நிலமின்மை குறித்துத் தம் அறிக்கையை எழுதியதும் அதே ஆண்டில்தான். அந்த அறிக்கை பேசப்படும் அளவுக்கு உதகைத் தீர்மானங்கள் பேசப்படுவதில்லை.

1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். அவ்விதழில் அவர் எழுதிய இந்திரர் தேச சரித்திரம், பூர்வ பௌத்தர்களே வேஷ பிராமணர்களால் வீழ்த்தப்பட்டுப் பறையர் ஆக்கப்பட்டனர் என்று வாதிடுகிறது. நிகண்டுகள், காப்பியங்கள், சடங்குகள், செவிவழிக் கதைகள் ஆகியவை அவருடைய சான்றுகள். அவர் காட்டும் சொல்லாராய்ச்சி பலவும் இன்றைய ஆய்வு முறையில் நிற்காது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நிற்கிறது. அடிமைத்தனம் பிறப்பின் இயல்பன்று, காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்வு. அப்படியானால் அதை நிகழ்த்தியவர் யார்? மூதாதையரிடமிருந்து துண்டிக்கப்படுவதே அடிமையின் அடையாளம் என்று ஆர்லாண்டோ பாட்டர்சன் 1982இல் எழுதினார். அந்தத் துண்டிப்பை எதிர்த்து, மூதாதையரை மீட்டெடுத்துக் கொடுக்கும் வேலையைத்தான் பண்டிதர் ஒரு சிறிய வார இதழில் செய்துகொண்டிருந்தார். மராட்டியத்தில் ஜோதிராவ் புலே 1873இல் குலாம்கிரி எழுதி, அதை அமெரிக்க அடிமை ஒழிப்பாளர்களுக்குக் காணிக்கையாக்கினார். புலே கடல் கடந்து தோழமை தேடினார். பண்டிதர் காலம் கடந்து தேடினார்.

இரண்டு இடங்களில் நாம் அவரிடமிருந்து விலகி நிற்கிறோம். வெள்ளையர் ஆட்சியின் மீது அவர் வைத்த நம்பிக்கை, அதே ஆட்சி இயற்றிய தோட்டச் சட்டங்களுக்கு முன் செல்லுபடியாகாது. மற்றொன்று இன்னும் கடுமையானது. பகைவரால் தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பாகவே தாழ்ந்தவர்கள் வேறு என்று பிரித்து, அருந்ததியர், குறவர் முதலியோரை இரண்டாம் வரிசையில் அவர் வைத்தார். யாரும் இயல்பாகத் தாழ்ந்தவர் இல்லை என்பது அவருடைய சொந்த வாதத்திலிருந்தே பிறக்கும் முடிவு. அந்த முடிவை அவர் எல்லோருக்கும் நீட்டவில்லை. அவரைப் பற்றி எழுதும் மாணவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிச் செல்லக்கூடாது.

1914 மே 5 அன்று அவர் மறைந்தார். அவருடைய எழுத்துகளைக் காத்தவை பல்கலைக்கழகங்கள் அல்ல. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் நடுவே இயங்கிய பௌத்தர்கள் அவற்றை மறுபதிப்புச் செய்துகொண்டிருந்தனர். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல்தான் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது.