பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடக்கூடாது: பல்வாங்கர் பாலு என்ற சுழற்பந்து வீச்சாளர்

கற்பிட்டியிலிருந்து நுரைச்சோலை வரும் வழியில் மாலை நேரங்களில் எந்த வெறுங்காணியைப் பார்த்தாலும் கிரிக்கெட் நடக்கும். தென்னை மட்டைதான் துடுப்பு. ரெனிஸ் பந்தைக் கையில் எடுக்கும் சிறுவர்களில் பாதிப்பேர் மணிக்கட்டைத் திருப்பி முரளிதரனைப் போலவே வீசுவார்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளையும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளையும் ஒரே அணியில் நிற்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அவரவர் திசையில் போய்விடுவார்கள்.

மைதானத்தில் சேர்த்துக்கொள்வதற்கும் வாழ்க்கையில் சேர்த்துக்கொள்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நூறு வருடங்களுக்கு முன்பே அனுபவித்த ஒருவர் இருந்தார். இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளரான பல்வாங்கர் பாலு. முரளியை அறிந்த எங்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது.

பாலு 1876ஆம் ஆண்டு தார்வாட்டில் பிறந்தார். பூர்வீகம் கொங்கணக் கரையிலுள்ள பல்வான் கிராமம். தோல் வேலை செய்யும் சாதியென்று ஒதுக்கி, தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட சமார் சமூகத்தைச் சேர்ந்தவர். தந்தைக்கு இராணுவத்தைச் சார்ந்த வேலை. குடும்பம் பூனாவில் இருந்தபோது, வெள்ளைக்கார அதிகாரிகள் கழித்துவிட்ட துடுப்பையும் பந்தையும் வைத்தே பாலுவும் தம்பி சிவராமும் விளையாடப் பழகினார்கள்.

முதல் வேலை பார்சிகளின் கிரிக்கெட் கழகமொன்றில். ஆடுகளத்தைக் கூட்டி, உருளை போட்டுச் சமப்படுத்த மாதம் 3 ரூபாய் சம்பளம். பின்னர் ஐரோப்பியர்களின் பூனா கழகத்துக்கு மாறியபோது அது 4 ரூபாயானது. வலை கட்டுவது, கோடு போடுவது, புல்லைப் பராமரிப்பது அவர் வேலை. அங்கே ஜே. ஜி. கிரெய்க் என்ற துடுப்பாட்ட வீரர் பயிற்சிக்காக அவரைப் பந்துவீசச் சொன்னார். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவையும் கிரெய்க் 8 அணா கொடுத்தார் என்றொரு கதை உண்டு.

கதை உண்மையோ இல்லையோ, பாலு அங்கே மணிக்கணக்காக வீசினார். இடது கை மெதுவான பந்துவீச்சு. இரண்டு பக்கமும் பந்தைத் திருப்புவார், வேகத்தையும் உயரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பார், களைக்க மாட்டார். ஆனால் அந்த வலைக்குள் துடுப்பைப் பிடிக்க மட்டும் அவரை யாரும் அழைக்கவில்லை. வியர்வை சிந்த வேண்டிய வேலை பந்துவீச்சு, துடுப்பாட்டம் துரைமாருடையது.

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியரைத் தோற்கடிக்க விரும்பியபோது பாலு தேவைப்பட்டார். தீண்டத்தகாதவரை அணியில் சேர்ப்பதா என்று பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் வெற்றி ஆசை வென்றது. அவர் வீசிய பந்தைப் பிராமண வீரர்களும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மண்டபத்துக்கு வெளியே, எறிந்துவிடக்கூடிய மண் குவளையில்தான் தேநீர். சாப்பாடும் தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவத் தண்ணீர் வார்ப்பதற்கும் அவருடைய சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே வர வேண்டும்.

யாழ்ப்பாணத் தேநீர்க் கடைகளில் சிரட்டையையும் போத்தலையும் பார்த்த மூத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வழக்கத்துக்கு எதிராக 1960களின் பிற்பகுதியில் எங்கள் மண்ணிலேயே போராட வேண்டியிருந்தது.

பிளேக் நோய் பரவிய காலத்தையொட்டிப் பாலு பம்பாய்க்குப் போனார். புகையிரத நிறுவனமொன்றில் வேலை. விளையாடியது இந்து ஜிம்கானாவுக்காக. 1906 பெப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களால் தோற்கடித்தது. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பாலு 8 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆட்சியாளர்களை அவர்களுடைய விளையாட்டிலேயே வென்றதை ஊரே கொண்டாடியது. அப்போது பாலுவுக்கு ஏறக்குறைய 30 வயது. பந்து நன்றாகத் திரும்பும் இளமைக் காலத்தின் பெரும்பகுதி அடுத்தவர்களின் பயிற்சி வலையில் கழிந்திருந்தது.

1911இல் பட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலும் தோற்றது. தோளில் வலியோடு விளையாடிய பாலு மட்டும் எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெட்டுகளை எடுத்தார். சராசரி 19க்கும் குறைவு. திரும்பி வந்தபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். வரவேற்புரையைத் தயாரித்தவர் அப்போது மாணவராக இருந்த அம்பேத்கர் என்று சொல்லப்படுகிறது.

இவ்வளவு செய்தும் அணித்தலைவர் பதவி பாலுவுக்கு வரவில்லை. ஒவ்வொரு வருடமும் மேல்சாதியைச் சேர்ந்த இன்னொருவர் தலைவரானார். 1920இல் பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். தம்பிகள் சிவராமும் விட்டலும் தலைமை விடயத்தில் சாதி பார்க்கப்படுவதைப் பகிரங்கமாகக் கண்டித்து விலகினார்கள். நெருக்கடி முற்றியதும் பாலு உபதலைவராக அழைக்கப்பட்டார். தலைவர் எம். டி. பாய் சிறிது நேரம் வெளியேறியபோது மைதானத்தில் அணியை வழிநடத்தினார். அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான். 1923இல் விட்டல் முழு அணித்தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்ட கதவு தம்பிக்குத் திறந்தது.

பாலுவின் பிற்கால அரசியல் எல்லோருக்கும் உவப்பானதல்ல. 1932இல் தனித் தொகுதிக் கோரிக்கையை எதிர்த்துக் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது, கூட்டுத் தொகுதியை ஆதரித்த ஒடுக்கப்பட்ட தலைவர்களில் பாலுவும் ஒருவர். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. சுமார் 2,000 வாக்குகளால் பாலு தோற்றார். ஒருகாலத்தில் அவரைப் பெருமையாகப் பார்த்தவரோடு மோத வேண்டி வந்தது வருத்தமானது. அவர் பயன்படுத்தப்பட்டார் என்று சொல்வோர் உண்டு. பொறுமையாகச் சேர்ந்து நின்றால் கதவு திறக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம். அவருடைய விளையாட்டு வாழ்க்கை அந்த நம்பிக்கையை அரைவாசிதான் நிரூபித்தது.

33 முதல்தர ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள், சராசரி 15.21. இந்தியாவின் முதல் டெஸ்ட் 1932இல்தான் நடந்தது. அதனால் டெஸ்ட் பட்டியல்களில் அவர் இல்லை. 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார்.

1995இல் மெல்பேர்னில் முரளியின் பந்துகளை நடுவர் முறையற்றவை என்று அறிவித்தபோது, அணித்தலைவரும் அணியும் அவர் பக்கம் நின்றார்கள். அவர் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் வரை போனார். பாலு அணித்தலைவர் பதவிக்காகக் காத்திருந்த வருடங்களில் அவருக்கு அப்படி நின்றவர்கள் பெரும்பாலும் அவருடைய தம்பிகளே.

கற்பிட்டிக் காணியில் இருட்டியதும் பந்தைத் தேடி எடுத்துக்கொண்டு சிறுவர்கள் கலைவார்கள். அவர்களை ஒரே அணியில் விளையாட விட்டதோடு எங்கள் வேலை முடிந்துவிடவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு யார் வீட்டு முற்றத்தில் யார் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார் என்பதையும் பெரியவர்கள் நாங்கள் பார்க்க வேண்டும்.