கரை சேர்த்த கரங்கள்

1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இருந்த நாஜி அதிகாரி ஒருவரின் அலுவலகத்திற்குள் நெதர்லாந்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் நுழைந்தார். அவரிடம் பதவி இல்லை, பட்டம் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை. அவர் எதிரே அமர்ந்திருந்தவர் அடால்ஃப் ஐக்மன். யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றும் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர். பிற்காலத்தில் இலட்சக்கணக்கான யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பியவர். அந்நகர யூதர்கள் அவருக்கு அஞ்சினர். ஆனால், அப்பெண்மணி சிறிதும் தயங்கவில்லை. யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டும் என்று நேரடியாகவே கேட்டார். அவர்தாம் துரூஸ் வெய்ஸ்முல்லர்.

துரூஸ், 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் நெதர்லாந்தின் அல்க்மார் நகரில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். முதலாம் உலகப் போருக்குப் பின்னர், வீடிழந்த ஆஸ்திரியக் குழந்தை ஒன்றை அவருடைய பெற்றோர் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்தனர். துன்பத்தில் இருப்பவர் அயலார் ஆயினும் கைகொடுக்க வேண்டும் என்னும் பாடத்தைத் துரூஸ் வீட்டிலேயே கற்றுக்கொண்டார். பின்னர், ஆம்ஸ்டர்டாம் நகரில் வங்கி ஒன்றில் பணியாற்றினார். அங்கேயே தம் வருங்காலக் கணவரையும் சந்தித்தார். அத்தம்பதியருக்குக் குழந்தைப் பேறு வாய்க்கவில்லை. அதை எண்ணி அவர் சோர்ந்துவிடாமல், ஊதியம் பெறாத சமூகப் பணிகளில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார்.

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றியதிலிருந்து யூதர்களின் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. 1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூத வழிபாட்டுத் தலங்கள் தீக்கிரையாயின. யூதர்களின் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆண்கள் கைது செய்யப்பட்டனர். தப்பிச் செல்ல நினைத்தவர்களுக்குப் பல நாடுகள் கதவை அடைத்தன. அவ்வேளையில், பெற்றோர் உடன் வராமல் குழந்தைகள் மட்டும் வந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. அக்குழந்தைகளை ஆபத்திலிருந்து மீட்டு அழைத்து வருவது யார் என்ற கேள்வி எழுந்தது. அந்தப் பொறுப்பை ஏற்றுத்தான் துரூஸ் வியன்னாவுக்குச் சென்றார்.

ஐக்மன் அவரை ஏளனமாக நடத்தினார். அவருடைய கைகளைக் காட்டச் சொன்னார். காலணிகளைக் கழற்றச் சொன்னார். யூதர் அல்லாத பெண் ஒருத்தி யூதக் குழந்தைகளுக்காக இவ்வளவு தூரம் வந்ததை அவரால் நம்ப முடியவில்லை. இறுதியில், 600 குழந்தைகளை வரும் சனிக்கிழமைக்குள் அழைத்துச் செல்ல முடிந்தால் செல்லலாம் என்று அனுமதித்தார். அதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. இடையில் இருந்தவை சில நாள்களே. மேலும், சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். அன்று பயணம் செய்வது அவர்களுடைய சமய மரபுக்கு மாறானது. இவளால் இது ஆகாது என்றே ஐக்மன் எண்ணினார்.

அவருடைய எண்ணம் பொய்த்தது. டிசம்பர் 10ஆம் நாள், சனிக்கிழமை, 600 குழந்தைகளுடன் வியன்னாவிலிருந்து இரயில் புறப்பட்டது. அவர்களுள் 100 பேர் நெதர்லாந்தில் தங்கினர். மற்றவர்கள் கடல் கடந்து இங்கிலாந்து சென்றனர். பிள்ளைகளை வழியனுப்பிய பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். உயிர் பிழைக்க வேண்டுமானால் பிரிந்தே ஆக வேண்டும். மீண்டும் சந்திப்போம் என்று நம்பியே அவர்கள் கையசைத்தனர். அவர்களுள் பலர் தங்கள் பிள்ளைகளை அதன் பிறகு காணவே இல்லை.

அந்தப் பயணத்தோடு துரூஸ் ஓய்ந்துவிடவில்லை. அடுத்து வந்த மாதங்களில் மீண்டும் மீண்டும் எல்லை தாண்டிச் சென்று குழந்தைகளை அழைத்து வந்தார். அவரும் அவரைப் போன்ற பலரும் எடுத்த முயற்சியால், ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பிரிட்டனை அடைந்தனர். 1939ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் போர் மூண்டதும் அந்த வழியும் அடைபட்டது.

1940ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. ஆம்ஸ்டர்டாமின் அனாதை இல்லம் ஒன்றில் அகதிக் குழந்தைகள் பலர் தங்கியிருந்தனர். மே 14ஆம் நாள், துரூஸ் பேருந்துகளை ஏற்பாடு செய்து அவர்களைத் துறைமுகத்திற்கு அழைத்துச் சென்றார். 74 குழந்தைகள் ‘போதகிராவன்’ என்னும் கப்பலில் ஏற்றப்பட்டனர். அன்று மாலை கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. அதே நாளில் நெதர்லாந்து சரணடைந்த செய்தியும் வெளியானது. வழியில் விமானத் தாக்குதலுக்கு உள்ளான போதிலும் கப்பல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தைச் சென்றடைந்தது. துரூஸ் நினைத்திருந்தால் அக்கப்பலிலேயே ஏறித் தப்பியிருக்கலாம். ஆனால், இன்னும் செய்ய வேண்டிய பணி உண்டு என்று கருதி அவர் கரையிலேயே நின்றுவிட்டார். பின்னர், நாஜி இரகசியக் காவலர்களால் கைது செய்யப்பட்டு விடுதலையான பிறகும், முகாம்களில் வாடியவர்களுக்கு உணவுப் பொட்டலங்களை அனுப்பி வந்தார்.

போருக்குப் பின்னர், துரூஸ் ஆம்ஸ்டர்டாம் நகர மன்ற உறுப்பினராகப் பணியாற்றினார். யூதர்களைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்த பிற இனத்தாருக்கு இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் வழங்கும் உயரிய விருது 1966ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்தது. 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் அவர் மறைந்தார்.

நாஜிகளின் கொடுமைக்குப் பலியான யூதக் குழந்தைகள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர். அந்தப் பேரழிவைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் துரூஸுக்கு இல்லை. ஆயினும், எல்லாரையும் காக்க முடியவில்லையே என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. தம்மால் காக்கக்கூடியவர்களைக் காத்தார். தாய் ஆகாத அவரை, அவர் காத்த குழந்தைகள் ‘துரூஸ் அத்தை’ என்றே அழைத்தனர். அவர்கள் வளர்ந்து, கல்வி கற்று, குடும்பமாக வாழ்ந்தனர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பல நாடுகளில் வாழ்கின்றனர். அந்தச் சாதாரணப் பெண்மணி விட்டுச் சென்ற செல்வம் அதுவே.