மகிழ்ச்சியை மட்டும் வேண்டியவர்: எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர்

இடைசெவலிலிருந்து கோவில்பட்டிக்குச் சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் எட்டயபுரம். வழி நெடுகிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை வருமென்ற உறுதி இல்லாமலே விதையைக் கையிலெடுக்கப் பழகியவர்கள் இம்மண்ணின் மக்கள். உமறுப் புலவர் அடங்கியதும் பாரதியார் பிறந்ததுமான எட்டயபுரத்திலேதான் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்வும் நிறைவெய்தியது. கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என இசைப்பித்து மிக்க இரு எழுத்தாளர்களை ஈன்ற இடைசெவலுக்கு, அவர் ஓர் அண்டை வீட்டுப் பெரியவர் போன்றவரே.

தீட்சிதரின் பிறப்பே ஒரு நெடுநாள் ஏக்கத்தின் விடையாக அமைந்தது. அம்சத்வனி ராகத்தைப் படைத்தவரான தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், பிள்ளையின்றிப் பல்லாண்டு வருந்தி, வைத்தீசுவரன் கோயிலில் மனைவியோடு நோன்பிருந்து வேண்டினார். 1776இல் திருவாரூரில் மகவு பிறந்தபோது, அத்தலத்து முருகனாகிய முத்துக்குமாரசுவாமியின் பெயரையே சூட்டினார். பின்னர்ச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்ற தம்பியரும் பாலாம்பாள் என்ற தங்கையும் பிறந்தனர்.

குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில், சிதம்பரநாத யோகி என்ற துறவி இளைஞரான தீட்சிதரைக் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்கே குருவின் நிழலில் சில ஆண்டுகள் வாழ்ந்து, குரு மறைந்தபின் தெற்கே திரும்பினார். திருத்தணியில் முதியவர் ஒருவர் உருவில் முருகனே தோன்றி அவர் நாவில் கற்கண்டை இட்டதாகவும், அந்த இனிப்போடு முதற் கீர்த்தனை பிறந்ததாகவும் வழிவழியாகச் சொல்வர். குருகுஹன் என்னும் முத்திரை அன்று தொட்டு அவர் பாடல்களில் நிலைத்தது. இசைப் படைப்பின் தொடக்கமே அவருக்கு ஓர் இறைப் பேற்றின் சுவையாக அமைந்தது.

எனினும், நாவில் விழுந்த கற்கண்டு அடுப்பை எரிய வைக்கவில்லை. திருவாரூரில் வாழ்ந்த காலத்தில் வறுமை அவரை விட்டு அகலவில்லை. ஒரு நாள் வீட்டில் அரிசி இல்லை. மாணவியான கமலம் தன் கைவளையை அடகு வைக்க முன்வந்தாள். தீட்சிதர் அதனை ஏற்கவில்லை. தியாகராசப் பெருமான் சந்நிதிக்குச் சென்று யதுகுலகாம்போதியில் பாடினார். அரசு அலுவலர் ஒருவரின் வரவுக்கெனச் சேர்த்து வைத்திருந்த உணவுப் பொருள்கள், அவர் வராமற்போகவே, தீட்சிதர் இல்லம் வந்து சேர்ந்தன என்பது மரபுச் செய்தி.

அரிசி வந்தது, பொன் வரவில்லை. இல்லாளுக்கு நகைகள் மீது ஆசை இருந்தது. தஞ்சை மன்னரைப் பாடினால் பொன் கிடைக்கும் என்று அருகிலிருந்தோர் எடுத்துரைத்தனர். அந்த ஆசையைத் தீட்சிதர் பழிக்கவில்லை. ஆனால் மனிதர் முன் நின்று பாடிப் பொருள் பெறவும் இசையவில்லை. திருமகளையே சரணடைவதாக லலிதா ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினார். அன்றிரவு அம்மையாரின் கனவில் திருமகள் தோன்றி ஆபரணங்களால் அவரை அலங்கரித்ததாகவும், விழித்தபோது ஆசை நீங்கி மனம் நிறைந்திருந்ததாகவும் வரலாறு கூறுவோர் உரைப்பர். விழித்த கையில் குன்றிமணிப் பொன்னும் இல்லை. கேட்டதைக் கொடுப்பது மட்டுமன்று, கேட்ட நெஞ்சையே நிறைத்துவிடுவதும் அருளின் வழி என்பதே இந்நிகழ்ச்சியின் உட்பொருள்.

தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் அரசவையில் இசைவாணராகச் சிறப்புற்றிருந்தார். மேனாட்டு வயலினை நம் இசைக்கு இசைவித்த முன்னோடி அவர். நெடுநாள் பிரிந்திருந்த தம்பியைக் காணத் தீட்சிதர் தெற்கே புறப்பட்டார். வழியில் கரிசல் காடு மழையின்றிக் காய்ந்து கிடந்தது. உழவர் முகங்களும் வாடியிருந்தன. தமக்கெனப் பொன் கேளாத அந்த நா, அம்மக்களுக்காக மழை கேட்டது. அமிர்தவர்ஷிணி ராகத்தில் அவர் பாட வானம் திறந்தது என்பது இன்றும் இப்பகுதியில் பேசப்படும் கதை. மழை வந்த கதையை ஆய்வோர் ஆயட்டும். பிறர் துயருக்காக வேண்டும்போதும் அவர் பாட்டு ஆனந்தத்தையே முன்வைத்துத் தொடங்கியது என்பது எண்ணி மகிழத்தக்கது.

1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாள். அறுபது வயது நிறையுமுன்பே அவரது இறுதி வந்தது. மாணவர்களை மதுரை மீனாட்சியின் மீது தாம் இயற்றிய கீர்த்தனையைப் பாடச் செய்தார். அன்னையிடம் அப்பாடல் வேண்டுவது ஆயுளை அன்று, புகழை அன்று, மகிழ்ச்சியை மட்டுமே. அதனைக் கேட்டவாறே அவர் உயிர் அடங்கியது. எட்டயபுரத்திலுள்ள அவரது சமாதி இசையன்பர்களின் வழிபாட்டிடமாக விளங்குகின்றது.

தம் பாடல்கள் நிலைக்குமா என்ற கவலையையும் அவர் இறைவனிடமே விட்டுச் சென்றார் எனலாம். அவர் காலத்தில் அவை நூலாகவில்லை. மாணவர் நாவிலும் குடும்பத்தார் வீணையிலுமே உயிர்வாழ்ந்தன. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரரும் அவராலேயே மகனாகத் தத்தெடுக்கப்பட்டவருமான சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்திலிருந்து சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதர் மறைந்து 69 ஆண்டுகளுக்குப்பின், அவருடைய கீர்த்தனைகளுள் 200க்கு மேற்பட்டவை சுரக்குறிப்போடு அச்சேறின. விதைத்தவர் காணாத விளைச்சல் அது.

பாட்டுக்குப் பரிசில் வேண்டுவது புலவர் மரபு. அதில் இழிவு ஏதுமில்லை. பரிசில் வாராத நாளிலும் பாட்டு வற்றாதிருப்பதற்கு வேறோர் ஊற்று வேண்டும். தீட்சிதர் அந்த ஊற்றைக் கண்டிருந்தார். வேண்டியவற்றுள் சில அவருக்கு வந்தன; சில வரவில்லை; மகிழ்ச்சி மட்டும் இரண்டு நிலையிலும் அவரை விட்டு நீங்கவில்லை. வானம் பார்த்த இந்தக் கரிசல் மண், அப்பெருமகனைத் தன் மடியில் ஏந்திக்கொண்டது மிகப் பொருத்தமே.